அரசுப் பள்ளியில் கூத்து வகுப்பு: அனுமதிக்காக அலைந்த ஐந்து மாதம்

சென்னையில் ஒரு நிகழ்த்துகலை நிறுவனத்தில் கலைக்கல்விப் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். சென்ற ஆண்டு மூன்று அரசுப் பள்ளிகளில் ஏழு முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்து வாரம் தெருக்கூத்துப் பயிற்சி நடத்தினோம். நிறுவனத்துக்குள் ஒப்புதலும் பணமும் ஒரே கூட்டத்தில் கிடைத்துவிட்டன. பாடு எல்லாம் வாசலைத் தாண்டிய பிறகுதான்.

தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். ‘மேலேயிருந்து ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க, நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்’ என்றார். கல்வி அலுவலகத்துக்குப் போனால், ‘பள்ளியோட சம்மதக் கடிதம் எங்கே?’ என்றார்கள். இப்படி நாலு நடை. கடைசியில் வேறொரு பள்ளியின் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வழி சொன்னார். ‘உயர் அலுவலரின் அனுமதிக்கு உட்பட்டு எங்களுக்குச் சம்மதம்’ என்று தலைமையாசிரியரிடம் எழுதி வாங்கச் சொன்னார். அந்த ஒரு வரி இருந்ததும் இரண்டு பக்கமும் கையெழுத்து விழுந்தது. கடிதத்தில் வகுப்பு, கிழமை, நேரம், வருபவர்களின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். இதில் கிழமையை விட்டுவிட்டதால் எனக்கு மட்டும் மூன்று வாரம் போயிற்று. கடிதத்தைக் கொடுத்ததும் நகலில் முத்திரையும் பதிவு எண்ணும் வாங்காமல் நகராதீர்கள். ஒரு முறை வாங்காமல் வந்துவிட்டேன். அடுத்த வாரம் போனபோது ‘அப்படி ஒரு கடிதமே வரலையே’ என்றார்கள்.

ஆனால் இன்னும் ஆறாதது வேறு. வகுப்பெடுக்கப் போகும் வாத்தியார் செய்யாறு பக்கத்துக்காரர். கூத்தில் ஜமாவை, அதாவது ஆட்டக் குழுவை, நடத்துகிறவரை வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். சிறு வயதில் கதையை நடத்திச் சிரிக்க வைக்கும் கட்டியக்காரனாக இறங்கியவர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் துரியோதனன், கர்ணன் வேஷம் கட்டுகிறார். ஒரு ராத்திரி முழுக்கப் போகும் பாட்டும் வசனமும் ஏடு பார்க்காமல் வரும். அவர் நேரில் வந்தால் காரியம் சீக்கிரம் முடியும் என்று நினைத்து, விடியற்காலை பஸ்ஸில் வரவழைத்து அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். படிவத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில் ஐந்தாம் வகுப்பு என்று இருந்தது. எழுத்தர் அதைப் பார்த்துவிட்டு, ‘அஞ்சாவது படிச்சவர் ஒன்பதாவது பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவார்?’ என்று அவர் எதிரிலேயே கேட்டார். வாத்தியார் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்ததும், ‘விடும்மா, ஊருக்கு பஸ் எத்தனை மணிக்கு?’ என்று மட்டும் கேட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அனுமதி கைக்கு வரும்வரை கலைஞரை எந்த அலுவலகத்துக்கும் அழைத்துப் போகாதீர்கள். அந்த வேலை நம்முடையது.

அப்புறம் படிவத்தோடு இரண்டு பக்கம் சேர்த்து எழுதினேன். எந்த வாரம் எந்த அடவு, எந்தப் பாட்டு, பாட்டிலுள்ள எந்தச் சொற்கள் தமிழ்ப் பாடத்துக்கு உதவும் என்று வரிசையாகப் போட்டேன். மேலே நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டையின் நகலை வைத்தேன். இந்த முறை கோப்பு கண்காணிப்பாளர் மேசைக்குப் போயிற்று. அவர் சொந்த ஊர் கூத்து நடக்கும் வந்தவாசிப் பக்கம். ‘கூத்தா?’ என்று கேட்டுவிட்டு, நின்றுகொண்டிருந்த என்னை உட்காரச் சொன்னார். இரண்டே நாளில் உத்தரவு வந்தது.

காவல்துறைச் சரிபார்ப்புக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளோடு பழகப் போகிறவருக்கு அதைக் கேட்பது நியாயம்தான். ஆனால் ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் முன்னெழுத்து மாறி ஒரு பெயர், வாரிய அட்டையில் ஊர்ப்பெயர் சேர்த்து ஒன்று. மூன்றையும் முதலிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். பான் அட்டை இல்லாதவருக்கு வரிப் பிடித்தம் வந்தால் 20 விழுக்காடு போய்விடும். அதனால் அதையும் நாங்களே விண்ணப்பித்து வாங்கிக் கொடுத்தோம். நிறுவனத்தில் பில் போட்டு 45 நாள் கழித்துப் பணம் தருவது வழக்கம். பஸ் செலவும் சாப்பாடும் அன்றன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன்.

அட்டவணையில் என் தவறும் உண்டு. பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் என்பதால் ஐப்பசியில்தான் வகுப்பைத் தொடங்கினேன். சாவு வீட்டுக் காரியத்துக்கு நடக்கும் கர்ண மோட்சக் கூத்துக்குக் காலம் கிடையாது என்பதை மறந்துவிட்டேன். மூன்றாம் வாரம் அவர் விடிய விடிய ஆடிவிட்டு, கழுத்தில் அரிதாரம்கூடச் சரியாகப் போகாமல் நேராகப் பள்ளிக்கு வந்து நின்றார். அன்றைக்கே, காலையில் முதல் பாடவேளையில் இருந்த வகுப்பை மாற்றி, மதியத்துக்குப் பிந்தைய இரண்டு வேளைகளைச் சேர்த்துக் கேட்டு வாங்கினேன். நாற்பது நிமிடத்தில் சலங்கை கட்டி அவிழ்க்கத்தான் நேரம் இருக்கிறது.

இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வகுப்பறையில் முகவீணை என்னும் ஊதுகருவியை எடுத்ததும், பக்கத்து அறையில் தேர்வு நடக்கிறது என்று கணக்கு ஆசிரியர் ஓடி வந்தார். திறந்தவெளியில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டிய கருவி அது, நாலு சுவருக்குள் அடங்காது. மறுவாரம் மைதானத்து வேப்பமரத்தடிக்குப் போனோம். எட்டாம் வாரம் அதே கணக்கு ஆசிரியர் தன் வகுப்பை வெளியே அழைத்து வந்து உட்கார வைத்தார். தாளக்கட்டைப் பிள்ளைகள் விரலில் எண்ணி, வாத்தியாருக்கு முன்னால் தவறில்லாமல் சொன்னார்கள்.

இந்த ஆண்டு ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் மாற்றலாகிவிட்டார். சம்மதக் கடிதம் மறுபடி வாங்க வேண்டும். மற்ற இரண்டு பள்ளியிலிருந்தும் அவர்களே போன் செய்து, ‘வாத்தியார் எப்போ வர்றார்?’ என்று கேட்டுவிட்டார்கள். புதுக் கோப்பு போன வாரம் கொடுத்தேன், பதிவு எண்ணோடு.