இரண்டாண்டு கிரீன் கார்டு முதல் குடியுரிமை வரை: கணவர் கையில் இருப்பது எவ்வளவு?

அமெரிக்கக் குடிமகன் ஒருவரை மணந்து இங்கே வந்து, இரண்டே ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் கிரீன் கார்டை வைத்திருக்கும் பெண்கள் தமிழ்ப் பள்ளி வாசலில் பேச்சுக் கொடுக்கும்போது, படிவத்தைப் பற்றியோ கட்டணத்தைப் பற்றியோ முதலில் கேட்பதில்லை. “அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் என்னக்கா செய்வது?” என்பதுதான் பலருடைய முதல் கேள்வி. சிலர் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். சிலர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் அதே அட்டையோடு வந்து, நிபந்தனையை நீக்கி, குடியுரிமைப் பிரமாணமும் எடுத்துக்கொண்டவள் என்ற முறையில், இந்தப் பாதையில் எந்தெந்த இடம் கணவரைச் சார்ந்தது, எந்தெந்த இடம் சாராதது என்பதைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும் என்று நீண்ட நாள்களாக நினைத்திருந்தேன். மனைவியின் வழியாக வந்த ஆண்களுக்கும் சட்டம் இதேதான். என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

வசிப்புரிமைக்காகவே செய்யப்படும் போலித் திருமணங்களைத் தடுக்க 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திலிருந்துதான், திருமணம் உண்மையானது என்று இரண்டாண்டு முடிவில் காட்ட வேண்டும் என்ற இந்த நிபந்தனை வந்தது. நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டாண்டுகள் நிறைவடையாதிருந்தால் இரண்டாண்டு அட்டை. நிறைவடைந்திருந்தால் பத்தாண்டு அட்டை. வேலை செய்வதிலோ, பயணம் செய்வதிலோ, வரி கட்டுவதிலோ இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. இரண்டாண்டு அட்டை வைத்திருப்பவர் அரைகுறை உரிமை உள்ளவர் என்று வீட்டில் யாராவது சொன்னால் அது தவறு.

அட்டை காலாவதியாவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டு, நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 என்னும் படிவத்தைக் குடிவரவுத் துறைக்கு அனுப்ப வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் இதற்கான கட்டணம் 750 டாலர். படிவம் கிடைத்ததற்கான ரசீதுக் கடிதம் வந்ததும், அட்டையின் செல்லுபடிக் காலம் 48 மாதங்களுக்கு நீட்டிக்கப்படுகிறது. 2023 தொடக்கத்திலிருந்து இதுதான் நடைமுறை. காலாவதியான அட்டையையும் அந்தக் கடிதத்தையும் சேர்த்துக் காட்டினால் வேலையிலும் விமான நிலையத்திலும் செல்லும். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும் அலுவலகத்தில் மட்டும் முகப்பில் இருப்பவர் அட்டையின் தேதியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டக்கூடும். கடிதத்தில் 48 மாதம் என்று எழுதியிருக்கும் வரியைச் சுட்டிக்காட்டி, மேலதிகாரியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

படிவம் சில பக்கங்கள்தான். கனமானது அதனோடு இணைக்கும் சான்றுகளின் கட்டு. நம் குடும்பங்களின் வழக்கம் இங்கே ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. கணவர் பல ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வந்தவர். வாடகை ஒப்பந்தம், மின் கட்டணம், கார் காப்பீடு, வங்கிக் கணக்கு எல்லாம் அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மனைவி வந்து ஓராண்டு ஆன பின்னும் அவள் பெயர் எந்தத் தாளிலும் இராது. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலிருக்கலாம். ஆனால் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரிவது தாள்கள் மட்டுமே. போதாக்குறைக்கு, கணவருக்கு அவருடைய அப்பா பெயர் குடும்பப் பெயர், மனைவிக்கு அவளுடைய அப்பா பெயர் குடும்பப் பெயர் என்றிருப்பதால், இருவர் பெயருக்கும் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும். ஆகவே வந்த முதல் மாதத்திலேயே வாடகை ஒப்பந்தத்தில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். வரிக் கணக்கைத் தம்பதியாகச் சேர்ந்து தாக்கல் செய்யுங்கள். ஆயுள் காப்பீட்டிலும் ஓய்வூதியச் சேமிப்பிலும் ஒருவருக்கொருவர் நாமினியாகப் பதியுங்கள். திருமண ஆல்பத்தின் ஐம்பது படங்களைவிட, இருவர் பெயரும் அச்சிடப்பட்ட இரண்டாண்டு வங்கி அறிக்கைகளுக்கு மதிப்பு அதிகம். அவற்றின் நகல் உங்கள் சொந்த மின்னஞ்சலிலும் இருக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்கான காரணம் அடுத்த பத்தியில் இருக்கிறது.

கணவர் கையெழுத்திட மறுத்தாலும், மணவாழ்வு முறிந்தாலும், அவர் இறந்துவிட்டாலும், நான்கு காரணங்களில் ஒன்று இருந்தால் ஐ-751 படிவத்தைத் தனியாகவே தாக்கல் செய்யச் சட்டம் வழி வைத்திருக்கிறது; கையெழுத்திட மறுத்தார் என்பது மட்டும் போதாது. நல்லெண்ணத்தோடு செய்த திருமணம் விவாகரத்தில் முடிந்தது என்பது ஒரு காரணம். துணைவர் இறந்தது இன்னொன்று. அடித்தார், அல்லது கொடுமைப்படுத்தினார் என்பது மூன்றாவது. இதற்கு விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. நாட்டைவிட்டு அனுப்பினால் மிகக் கடுமையான இன்னல் நேரும் என்பது நான்காவது. இப்படித் தனியாகத் தாக்கல் செய்பவர்களுக்கு அந்த 90 நாள் கணக்கு பொருந்தாது. அதற்கு முன்பும் அனுப்பலாம், பின்பும் அனுப்பலாம். சேர்ந்து தாக்கல் செய்த பிறகு மணமுறிவு ஏற்பட்டால், அதே விண்ணப்பத்தைத் தனி விண்ணப்பமாக மாற்றுமாறு கோரலாம். விவாகரத்தின் இறுதித் தீர்ப்பைக் காட்ட வேண்டியிருக்கும். கொடுமையைக் காரணமாகக் காட்டி விண்ணப்பிப்பவரைப் பற்றிய தகவலைக் கொடுமை செய்தவருக்குத் தெரிவிக்கக் கூடாது என்று குடிவரவுத் துறைக்கே சட்டம் கட்டளையிடுகிறது. “ஒரு போன் போட்டால் போதும், உன்னை நாளைக்கே அனுப்பிவிடுவார்கள்” என்று மிரட்டப்பட்ட ஒரு பெண்ணை நான் அறிவேன். ஒரு தொலைபேசி அழைப்பால் எவருடைய வசிப்புரிமையும் பறிபோவதில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டால்கூட வழக்கு குடிவரவு நீதிபதியிடம் போகும். அவர் எல்லாவற்றையும் மறுபடி தாமே ஆராய்ந்து பார்ப்பார். இந்த நிலையில் இருப்பவர்கள் தெரிந்த அக்காவிடமோ என்னிடமோ கேட்டு முடிவெடுக்காமல், குடிவரவு வழக்கறிஞரை நேரில் பார்க்க வேண்டும். பல ஊர்களில் கட்டணமில்லாச் சட்ட உதவி கிடைக்கிறது. தனியாகத் தாக்கல் செய்யும்போதும், திருமணம் உண்மையானது என்று காட்டும் அதே தாள்கள்தான் பெரும்பாலும் தேவைப்படும். நகல்கள் உங்கள் கைவசமும் இருக்கட்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

அடுத்தது குடியுரிமை. ஐ-751 விண்ணப்பம் முடிவாகும் வரை, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் என்-400 படிவத்தைத் தொடக்கூடாது என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் பலர். அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. நிபந்தனையோடு கழித்த காலமும் நிரந்தர வசிப்புக் காலமே. அட்டையில் எந்த நாளிலிருந்து வசிப்புரிமை என்று அச்சிட்டிருக்கிறதோ, அந்த நாளிலிருந்தே கணக்கு ஓடுகிறது. குடிமகன் அல்லது குடிமகளை மணந்தவருக்கு மூன்றாண்டு; மற்றவர்களுக்கு ஐந்தாண்டு. ஐ-751 நிலுவையில் இருக்கும்போதே என்-400 தாக்கல் செய்யலாம். முதலாவது முடிவாகாமல் இரண்டாவதற்கு ஒப்புதல் தர முடியாது என்பதால், பல நேரங்களில் ஒரே அதிகாரி இரண்டு கோப்புகளையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்கிறார். இதனால் நெடுங்காலம் கிடப்பில் கிடந்த ஐ-751 நகர்வதும் உண்டு. இணையவழி தாக்கல் செய்தால் கட்டணம் 710 டாலர். தாளில் அனுப்பினால் 760.

மூன்றாண்டு விதியில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. துணைவர் அந்த மூன்றாண்டும் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அவர் கிரீன் கார்டோடு இருந்தபோது உங்களை அழைத்து, பிறகு குடியுரிமை பெற்றவர் என்றால், அவர் குடியுரிமை பெற்ற நாளிலிருந்து எண்ணுங்கள். இருவரும் தம்பதியாகச் சேர்ந்து வாழ்ந்தும் மூன்றாண்டு ஆகியிருக்க வேண்டும். வசிப்புக் காலம் நிறைவதற்கு 90 நாள்களுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்றொரு சலுகை இருக்கிறது; சேர்ந்து வாழ்ந்த காலத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஊரில் திருமணம் முடிந்த கையோடு கணவர் திரும்பிவிட, விசா வந்த பிறகே இங்கு வந்து சேர்ந்த பெண்ணுக்கு இரண்டும் ஒரே நாளில்தான் தொடங்குகின்றன. அவர் மூன்றாண்டு முழுதாக முடிந்த பிறகு அனுப்புவதே பாதுகாப்பு. வேலை நிமித்தமாக ஒருவர் டாலஸிலும் ஒருவர் சியாட்டிலிலும் இருக்க நேர்ந்தால், அதனாலேயே தகுதி போய்விடாது. ஆனால் அது கட்டாயத்தால் ஏற்பட்ட பிரிவு என்பதைத் தாள்களோடு விளக்க வேண்டியிருக்கும்.

பயணக் கணக்கும் முக்கியம். மூன்றாண்டில் குறைந்தது 18 மாதங்கள் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, ஒரே பயணத்தில் ஆறு மாதத்தைத் தாண்டாமல் இருப்பது. தாண்டினால், தொடர் வசிப்பு அறுபட்டதாகக் கொள்வார்கள். அறுபடவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஓராண்டு ஆகிவிட்டால் அந்த வாய்ப்பும் இல்லை. தாய் வீட்டில் பிரசவம் பார்த்துக்கொண்டு, குழந்தைக்கு மொட்டை போட்டு, காது குத்தி முடித்துத் திரும்பலாம் என்று போகிறவர்களுக்கும், அப்பாவின் மருத்துவமனை நாள்கள் நீண்டுகொண்டே போகிறவர்களுக்கும் இது எவ்வளவு கடினமான விதி என்பது எனக்குத் தெரியும். பெற்றோரைப் பார்க்கப் போகாதீர்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். திரும்பி வரும் தேதியைக் கண்ணில் வைத்துப் பயணச்சீட்டு எடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

எங்களுக்கு இரண்டு விண்ணப்பங்களுக்கும் சேர்த்தே நேர்காணல் நடந்தது. என்-400 மட்டும் என்றால் பொதுவாகத் துணைவர் வரத் தேவையில்லை. ஐ-751 நிலுவையில் இருந்தால் இருவரும் போவது நல்லது. அதிகாரி முதலில் என்னை மட்டும் உள்ளே அழைத்து, வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கச் சொன்னார். மேசையில் ஒரு டேப்லெட் இருந்தது. திரையில் தோன்றிய வாக்கியத்தை வாசித்தேன். அவர் சொன்ன இன்னொரு வாக்கியத்தை அதற்கான பேனாவால் எழுதினேன். கண்ணாடித் திரையில் எழுத்து வழுக்கிக்கொண்டு போனது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு என் கணவரை அழைத்து, வீட்டில் யார் முதலில் எழுவார், வாடகையை எந்தக் கணக்கிலிருந்து கட்டுகிறீர்கள், கடைசியாக யார் விருந்துக்கு வந்தார்கள் என்று கேட்டார். பதில்களைவிட, நாங்கள் ஒருவரை ஒருவர் இடைமறித்துத் திருத்திக்கொண்ட விதத்தைத்தான் அவர் கவனித்தார் என்று எனக்குத் தோன்றியது. என்-400 படிவத்தின் ஆம், இல்லை கேள்விகளை அவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். சொல்லின் பொருள் புரியாவிட்டால் தலையாட்டாமல், விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அமெரிக்க வரலாற்றையும் ஆட்சி முறையையும் பற்றிக் கேட்கும் குடிமையியல் தேர்வுக்கு அதிகம் அஞ்ச வேண்டாம். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் புதிய தேர்வு: 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். தவறினால் மறு வாய்ப்பு ஒன்று உண்டு.

பெயரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தவர்களுக்கு, அமெரிக்க விசாவில் இயற்பெயர் குடும்பப் பெயராக நகர்ந்து, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்றெழுத்து உட்கார்ந்திருக்கும். கிரீன் கார்டிலும் அது தொடரும். என்-400 படிவத்திலேயே பெயர் மாற்றம் கோர இடம் இருக்கிறது. கோரினால், நீதிமன்றத்தில் நடக்கும் பிரமாண நிகழ்வில் நீதிபதியின் ஆணையோடு மாற்றித் தருவார்கள். அதற்குச் சற்றுக் கூடுதல் காலம் ஆகலாம். கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டால்தான் குடியுரிமை எளிதாகும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். உங்கள் பெயர் உங்கள் விருப்பம்.

மூன்றாண்டு விதியில் விண்ணப்பித்தவருக்கு, பிரமாணம் எடுக்கும் நொடி வரை திருமணம் நீடித்திருக்க வேண்டும். நேர்காணலில் தேறிய பிறகும், பிரமாணத்துக்கு முன் விவாகரத்து ஆகிவிட்டாலோ துணைவர் இறந்துவிட்டாலோ, அந்த விதியின் கீழ் குடியுரிமை கிடைக்காது. அதனால் கிரீன் கார்டு போய்விடுவதில்லை. ஐந்தாண்டு நிறைந்ததும் எவரையும் சாராமல் மீண்டும் விண்ணப்பிக்கலாம். அங்கே துணைவரின் குடியுரிமையோ சேர்ந்து வாழ்ந்த காலமோ ஒரு தகுதியே அல்ல. கொடுமையைக் காரணம் காட்டி நிபந்தனையை நீக்கிக்கொண்டவர்களுக்கோ, மணவாழ்வு முறிந்திருந்தாலும் மூன்றாண்டு விதியே பொருந்தும். இதை அறியாமல் கூடுதலாக இரண்டாண்டு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிரமாணம் எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை தானாகவே முடிந்துவிடுகிறது. இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை. இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் பெற்று, அதன் பிறகு ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அட்டை இருந்தால் விசா இல்லாமல் ஊருக்குப் போய் வரலாம், தங்கலாம். வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஓசிஐ விண்ணப்பத்தில் தகுதிக்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனமாக இருங்கள். கணவர் ஏற்கெனவே ஓசிஐ வைத்திருப்பதால் அவருடைய மனைவி என்ற முறையிலேயே விண்ணப்பித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிப் பெறும் அட்டை, திருமணம் முறிந்தால் ரத்தாகக்கூடியது. இந்தியாவில் பிறந்து, இந்தியக் குடிமகளாக இருந்தவருக்கு அந்த வழி தேவையே இல்லை. முன்னாள் இந்தியக் குடிமகள் என்ற சொந்தத் தகுதியிலேயே விண்ணப்பியுங்கள்.