காலனியா, ஊரா?

சென்னையில் நான் வாடகைக்கு இருக்கும் ஏரியாவின் பெயரிலும் காலனி இருக்கிறது. கேட், வாட்ச்மேன் எல்லாம் உண்டு. ஆபீஸில் சொன்னால் "அங்க வாடகை ஜாஸ்தியாச்சே" என்பார்கள். அதே வார்த்தையை விழுப்புரம் பக்கம், எங்கள் ஊரில் சொல்லிப் பாருங்கள். கொரியர் கொண்டுவரும் தம்பி போனில் முதலில் கேட்பதே "ஊருக்குள்ளயா, காலனியா?" என்பதுதான். காலனி என்றால், அதுவரை "சார்" என்று பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று "சரி, ரோட்டுக்கு வா" என்பான். நானும் போய் நிற்பேன், வேறென்ன செய்ய?

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தையை வசவாகவே கேட்டு வளர்ந்தவன் நான். அப்பாவிடம் சொன்னேன். தொகுப்பு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மேலே பெயர்ந்து கம்பி தெரியும் சிமெண்டைப் பார்த்துக்கொண்டே "முன்ன சேரின்னாங்க, அப்புறம் காலனின்னாங்க" என்று மட்டும் சொன்னார்.

சேரி என்பதும் ஒரு காலத்தில் வெறும் குடியிருப்புதான். ஆனால் ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள், வரி நீக்கிய நிலங்களின் கணக்கில் ஊரார் குடியிருக்கும் ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி, கம்மாளர் இருக்கும் கம்மாணச்சேரி தனி. சுடுகாட்டைக்கூடப் பிரித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷம்! நடுவில் ஒரு நல்ல முயற்சியும் நடந்தது, சமத்துவபுரம். 1997-ல் தொடங்கிய திட்டம். நூறு வீடு, அதில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. ஊரும் சேரியும் கலந்த தெரு, பொதுவான சுடுகாடு. ஆனால் அதைப் புதிதாக ஓர் இடத்தில்தான் கட்ட முடிந்தது, இருக்கிற ஊருக்குள் யாரும் கட்டவில்லை.

காலனி அறிவிப்பு வந்த அந்த வருஷம் ஐப்பசியில் ஆயா செத்துப்போனது. நல்ல மழை. எங்கள் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது, அடுத்தவர் கழனி வரப்பில்தான் போகணும். கோடையில் பிரச்சினை இல்லை, கட்டாந்தரை. இப்போது நடவு முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு அடி அகல வரப்பில் நாலு பேர் பாடையைத் தூக்கிக்கொண்டு எப்படி நடப்பது? ஆளுக்கொரு பக்கம் முழங்கால் சேற்றில் இறங்கினோம். பாடை ஒரு பக்கமாகச் சாய, ஆயா விழுந்துவிடுமோ என்று ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கழனிக்காரர் மோட்டார் கொட்டகையில் குடை பிடித்து நின்றிருந்தார். "பயிர மிதிக்காதீங்கப்பா, ஓரமா போங்க." எரிச்சலாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஓரம் என்று ஒன்று இருந்தால்தானே?

அந்தக் கழனியில் நாற்று நட்டதே எங்கள் தெருப் பெண்கள்தான். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் சித்தியைக் காணோம். யாரும் கூப்பிடவில்லை, கூலியும் இல்லை. தனியாகப் போய், நாங்கள் மிதித்த நாற்றையெல்லாம் நிமிர்த்தி நட்டுவிட்டு, சேற்றுக் காலோடு வந்து காபி கேட்டது.