கொடைக்கானலில் சோலைக்கிளி

இந்த முறை கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுத்ததே சோலைக்கிளிக்காகத்தான். கிளி என்றதும் பச்சைக்கிளியை நினைத்துவிட வேண்டாம். பூச்சி தின்னும் சின்னப் பாட்டுப் பறவை, சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் இருக்கும் சோலைக்காடுகளை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது.

நல்லவேளையாக, பாம்பே சோலை ஊரை ஒட்டியே இருக்கிறது. மார்ச் கடைசி, குளிர் விட்டபாடில்லை. டீக்கடைக்காரர், "காட்டுமாடு நிக்கும் தம்பி, உள்ள இறங்காதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். நமக்கும் உள்ளே போகும் வேலை இல்லை. ரோட்டோரம் நின்றாலே போதும், அண்ணாந்து பார்க்காமல் தரையைப் பார்க்க வேண்டும்.

முதலில் வந்தது பாட்டுதான். கூர்மையான சீழ்க்கை, நடுநடுவே கரகரப்பு. அப்புறம் ஈரச் சருகில் ஏதோ தத்தியது. குச்சிக் கால்கள், குட்டை வால். மேலெல்லாம் கருநீலச் சாம்பல், கண்ணுக்கு முன்னால் கறுப்பு, புருவத்தில் மெல்லிய வெளிர்கோடு. எங்கள் பக்கம் திரும்பியபோது வயிற்றின் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. ஒரு சருகைப் புரட்டிப் புழுவை எடுத்துக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. அந்த இருட்டில் படம் தேறவில்லை.

சற்றுத் தள்ளி ஒருவர் போனில் இதே பறவையின் குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். கூடு கட்டும் பருவத்தில் ஆண் பறவை, எதிராளி வந்துவிட்டான் என்று பதறி வரும். அப்படி வரவழைத்து எடுக்கும் படம் எதற்கு?

ஊட்டியில் சோலைக்கிளி பார்த்தவர்களுக்கு இது அதேதானே என்று தோன்றலாம். இல்லை. நீலகிரியில் இருப்பதற்கு விலாவில் துருநிறம் உண்டு, அது தனி இனம். இடையில் இருக்கும் பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டர் அகலம்தான். ஆனால் குளிர்ந்த சோலையிலேயே வாழும் பறவைக்கு அந்த வெக்கைப் பள்ளம் கடலைப் போல. இரண்டும் அடங்கிய பேரினத்துக்கு 2017-ல்தான் 'ஷோலிகோலா' என்று பெயர் வைத்தார்கள்.

மதியம் பேரிஜம் ஏரிப் பக்கம் போனோம். பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது. சாட்டிலைட் படங்களை ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு இது. சீகை (வாட்டில் மரம்), பைன், தைலமரம் எல்லாம் அந்த இடத்தில்தான் நிற்கின்றன. சோலையும் குறைந்திருக்கிறது. பைன் காட்டில் ஆளாளுக்கு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பறவைச் சத்தம் எங்கள் காதுக்கு எட்டவில்லை. திரும்பும் வழியில், ரோட்டோரப் புதரில் பழனிச் சிரிப்பான் என்ற பறவைக் கூட்டம் ஒன்று பழம் தின்றுகொண்டே ஊரைக் கூட்டியது. அதைப் பார்க்க மெனக்கெடவே வேண்டாம், தங்கும் விடுதித் தோட்டத்துக்கே வரும்.

போக நினைப்பவர்கள் மே மாதக் கூட்டத்துக்கு முன்னால் போய்விடுங்கள். வண்டிகள் ஓடத் தொடங்கினால் பாட்டு காதில் விழாது. வெளிச்சம் வரும்போதே சோலையோரம் இருந்தால் நல்லது. பளிச்சென்ற நிறத்தில் ஸ்வெட்டர் மட்டும் வேண்டாம்.