மாசி மொட்டு

அப்பா குலசேகரத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷம் ரப்பர் மரங்களுக்கிடையே நடந்தவர். பட்டையைச் சீவும்போது கத்தி உள்ளே இருக்கும் தடியில் பட்டுவிடக் கூடாது என்பதுதான் அவர் சொல்லித் தந்த முதல் பாடம். பட்ட இடம் முண்டுமுண்டாக வளரும், அப்புறம் அங்கே வெட்டவே முடியாது.

களியக்காவிளையைத் தாண்டி, கேரளப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் சேர்ந்த பிறகுதான் காயத்தின் இன்னொரு பக்கம் தெரிந்தது. அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவுக்குச் செடியின் காயம்தான் வாசல். அங்கே கசியும் பீனால் வகைப் பொருள்கள் அதை எழுப்பிவிடும். தன் டி.என்.ஏ.வில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செலுத்தி, கழலை வளர வைக்கும். கழலைக்கான ஜீன்களை எடுத்துவிட்டு நமக்கு வேண்டியதை வைத்தால், அதையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். புகையிலையில் 1983லேயே இது கைகூடியது. மரத்தில்தான் பாடு அதிகம். ஜீன் ஏறிய செல்லிலிருந்து முழு மரத்தையே எழுப்ப வேண்டுமே.

எங்கள் முறையில் அதற்கு ரப்பரின் இளம் பூமொட்டு வேண்டும். மரம் இலை உதிர்த்து, தளிர்த்து, மாசி வாக்கில் பூக்கும். கிடைப்பது சில வாரங்கள்தான். மகரந்தப்பையைச் சத்து கலந்த வளர்ப்பு ஊடகத்தில் வைத்தால் உருவமில்லாத திசுக்கட்டி வளரும், அதைக் கேலஸ் என்போம். கேலஸைப் பாக்டீரியாக் கரைசலில் நனைத்து இரண்டு மூன்று நாள் இருட்டில் வைப்போம். பிறகு பாக்டீரியாவைக் கொல்ல செஃபோடாக்சிம், ஜீன் ஏறாத செல்களை ஒடுக்க கனமைசின்.

இரண்டாம் வருஷம், ஊடகம் ஆறுவதற்குள் அவசரப்பட்டுச் செஃபோடாக்சிமை ஊற்றிவிட்டேன். சூட்டில் மருந்து வீரியம் இழந்தது. சில நாளில் கேலஸைச் சுற்றிப் பால் சிந்தியதுபோல் வெள்ளைப் படலம், சாகாத பாக்டீரியா. எல்லாத் தட்டுகளையும் நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டேன். இனி அடுத்த மாசிதான். ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்து அழுதேன். "தடியில படாம வெட்டிப் படிச்சவன் எவனும் இல்ல மக்களே" என்றார்.

மறுவருஷம் பெரும்பாலான கேலஸ் பழுப்பேறிச் செத்தது. ஒன்றிரண்டு மட்டும் வெளிர்மஞ்சளாக நின்றன. அவற்றில் கரு பிடித்து, முளைத்து, வேர் விட்டு, கப்பில் மண்ணைத் தொட இன்னொரு வருஷம் ஓடிவிட்டது. டி.என்.ஏ.வைச் சோதிக்கும் பி.சி.ஆரில் ஜீன் இருப்பது தெரிந்த அன்று எனக்குக் கை நடுங்கியது. வறட்சியில் செல்லுக்குள் பெருகும் நச்சு ஆக்சிஜனை முறிக்கும் நொதியின் ஜீன் அது, ரப்பரிலிருந்தே எடுத்தது. கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இதே வகை ஜீன் ஏற்றி உருவாக்கிய ரப்பரை 2021 ஜூனில் குவாஹாத்தி அருகே வயல் சோதனைக்கு நட்டார்கள்.

அப்பா ஒருநாள் செடியைப் பார்க்க வந்தார். வலை அடைப்புக்குள் விட முடியாது, வெளியே நின்றே பார்த்தார்.

"அந்தக் கிருமி உள்ளதான் இருக்கா?"

"இல்லப்பா, செத்துட்டு. அது குடுத்த துண்டு மட்டும்தான்."

"நம்ம விளையில ஒண்ணு நட முடியாதா?"

"அரசு அனுமதி இல்லாம வெளியே கொண்டுபோகவே கூடாதுப்பா."

சரி என்று தலையாட்டினார். வலைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூணு மூணாத்தான் இலை விட்டிருக்கு, நம்ம மரம்தான்" என்றார்.