எந்த ஊர் ஹொக்கி ஊர்?

20 பெப்ரவரி 2025, வியாழன்

வீட்டுக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. நான் வேலை செய்யும் ரொறன்ரோ பனித்தள அரங்கத்தில் இரவுக்குப் பதிவு செய்திருந்த இரண்டு குழுக்களும் வரவில்லை. எல்லாரும் பாஸ்டனில் நடந்த நான்கு நாடுகள் ஐஸ் ஹொக்கித் தொடரின் இறுதி ஆட்டத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்களும் அப்படித்தான்: அரங்கத்தின் பின்னறையில் நான்கு பேர், ஒரு சின்னத் தொலைக்காட்சி. மேலதிக நேரத்தில் கனடாவின் மக்டேவிட் கோல் போட, அமெரிக்காவை 3-2 என்று வென்றோம். ‘வென்றோம்’ என்று எழுத எனக்கே சிரிப்பு வருகிறது. இந்த வேலைக்கு வந்த முதல் நாள், தரையில் கிடந்த பக்கை, அதாவது ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் கறுப்பு வட்டை, யாருடைய சப்பாத்துக் குதியோ கழன்று விழுந்திருக்கிறது என்று குப்பையில் போட்டவன் நான்.

கோப்பி ஆறுவதற்குள், எந்த ஊர் ஹொக்கி ஊர் என்ற சண்டை தொடங்கிவிட்டது. தொடரின் சிறந்த வீரர் மக்கினன், அணித்தலைவர் குரொஸ்பி, இரண்டு பேரும் தன் ஊருக்குப் பக்கத்துக் கோல் ஹார்பர்க்காரர்கள் என்று ஹாலிஃபாக்ஸ்காரர் மேசையைத் தட்டினார். மக்டேவிட் வளர்ந்த நியூமார்க்கெட் நம் பக்கத்து ஊர்தானே என்று நானும் வாய் வைத்தேன். “1967க்குப் பிறகு கோப்பையைக் கண்ணால் பார்க்காத ஊரா பேசுவது?” என்று கியூபெக்காரர் கேட்டார். வட அமெரிக்காவின் தலைமை ஹொக்கி லீக்கான என்.எச்.எல். சம்பியனுக்குக் கொடுப்பது ஸ்டான்லி கோப்பை; அவருடைய மொன்றியலிடம் அது 24 இருக்கிறது. கடைசி 1993இல் வாங்கியது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. நாளைக்கும் ஒரே அறையில்தான் சாப்பிட வேண்டும்.

சஸ்கச்சுவான் அம்மா ஒன்றும் பேசாமல் பின்னிக்கொண்டிருந்தார்.

3 மார்ச், திங்கள்

கியூபெக்காரர் கேக் வாங்கி வந்தார். மொன்றியல் விக்டோரியா அரங்கத்தில் கூரைக்கடியில் முதல் ஆட்டம் நடந்தது 1875 மார்ச் 3. இன்று 150 ஆண்டு நிறைகிறது. பக்கத்துக்கு ஒன்பது பேர். பார்வையாளர் மேல் பறந்துவிடாதபடி பந்துக்குப் பதிலாகத் தட்டையான மரத்துண்டு. ஆட்டம் முடிந்ததும் அடிதடி. அந்த வழக்கம் மட்டும் இன்றுவரை மாறவில்லை.

ஹாலிஃபாக்ஸ்காரர் கேக்கைத் தின்றுகொண்டே சொன்னார்: “அந்த ஆட்டத்தை ஏற்பாடு செய்த கிறைட்டன் எங்கள் ஊர்ப் பிள்ளை. அந்தக் காலத்தில் நல்ல மட்டை செதுக்கியவர்கள் எங்கள் பக்கத்து மிக்மாக் ஆதிக்குடிகள். பிரசவம் மொன்றியலில் நடந்திருக்கலாம், கர்ப்பம் எங்களுடையது.”

8 மார்ச், சனி

காலை ஆறு மணிக்கு எட்டு வயதுப் பிள்ளைகளின் பயிற்சி. பனித்தளம் கிடைக்கிற நேரம் அதுதான். நல்ல நேரங்களையெல்லாம் பணமுள்ள கழகங்கள் முன்பே எடுத்துவிடும். ஒரு தகப்பன் கண்ணாடியில் குத்திக் குத்தித் தன் மகனைத் திட்டினார். பிள்ளை இவரைப் பார்த்துப் பார்த்தே இரண்டு தடவை விழுந்தான். ரொறன்ரோவுக்காக வாதாடும் ஆசை எனக்கு அங்கேயே பாதி போய்விட்டது.

பிறகு ஸாம்பொனி வண்டியை எடுத்தேன். கத்தி ஐஸின் மேல்தோலைச் சீவி எடுக்க, பின்னாலுள்ள ஈரத்துணி சுடுநீரைப் பூசிக்கொண்டே வரும். சூடு பழைய கீறலைச் சற்று உருக்கி, புதுத் தண்ணீரை அதோடு ஒட்டவைக்கும். வண்டி தாண்டிய இடம் சில நொடி கறுப்பாகப் பளபளத்து, ஆவி அடங்கியதும் வெளுக்கும். இத்தனை வருடத்திலும் அது எனக்கு அலுக்கவில்லை. இந்த வண்டியை 1949இல் கண்டுபிடித்தவர் கலிபோர்னியாக்காரர். பிறப்பை வைத்துப் பெருமை பேசுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

17 மார்ச், திங்கள்

கியூபெக்காரர் இன்று கேலி எதுவும் பேசவில்லை. 70 ஆண்டுக்கு முன் இதே நாளில் அவருடைய தகப்பனார் மொன்றியல் வீதியில் நின்றவர். பாஸ்டனில் நடந்த கைகலப்பில் நடுவர் ஒருவரை அடித்ததற்காக, மொன்றியல் அணியின் பிரெஞ்சு நட்சத்திரம் மொரிஸ் ரிஷாரை அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடைசெய்தார் என்.எச்.எல். தலைவர் கேம்பல். மறுநாள் அதே கேம்பல் ஃபோரம் அரங்கத்துக்கு ஆட்டம் பார்க்க வந்து உட்கார்ந்தார். முட்டையும் தக்காளியும் பறந்தன, கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்று வெடித்தது, ஆட்டம் நின்றது. கூட்டம் சென் கத்தரீன் வீதிக் கண்ணாடிகளை நொறுக்கிக்கொண்டே போனது.

“அப்பாவின் தொழிற்சாலையில் முதலாளி ஆங்கிலேயர், மேற்பார்வையாளரும் ஆங்கிலேயர். ரிஷார் ஒருவர்தான் அவர்களை வென்று காட்டிய எங்கள் ஆள்” என்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கியூபெக்தான் என்று அப்போதே என் மனதில் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

22 மார்ச், சனி

எழுதிய தீர்ப்பை அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

சஸ்கச்சுவான் அம்மாவிடம் நானே கேட்டேன். பெரும் ஹொக்கி வீரர் கோர்டி ஹோ பிறந்த மாகாணம், ஆனால் என்.எச்.எல். அணி ஒன்றுகூடக் கிடையாது. அவர் எதற்கும் உரிமை கொண்டாடவில்லை. தன் ஊரைப் பற்றி மட்டும் சொன்னார். முந்நூறு பேர் உள்ள கிராமம். பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள், தானியக் களஞ்சியம் போய்விட்டது, அரங்கம் மட்டும் இருக்கிறது. அதன் சாவி ஆணியில் தொங்கும், எந்தப் பிள்ளையும் எடுத்துத் திறக்கலாம். குளிரூட்டும் இயந்திரம் பழுதானால் இலையுதிர் காலத்தில் ஊரே கூடி வான்கோழி விருந்து சமைத்து, டிக்கெட் விற்றுப் பணம் சேர்க்கும். கலியாணப் பேச்சும் நில விற்பனையும் சாவுச் செய்தியும் அந்த மரப்பலகை இருக்கைகளில்தான்.

“அரங்கம் மூடினால் ஊரும் மூடிவிடும்” என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் ஊரில் கோயில் செய்த வேலையை அங்கே ஹொக்கி செய்கிறது. வெற்றிக்கு ஆட்டம் போடுவதும் தோல்விக்குக் கண்ணாடி உடைப்பதும் எந்தப் பெரிய நகரத்திலும் நடக்கும். கோப்பைக் கணக்கும் பயனில்லை. இப்போது கோப்பை இருப்பது புளோரிடாவில்!

6 ஏப்ரல், ஞாயிறு

ரஷ்ய வீரர் ஒவெச்கின் இன்று 895ஆவது கோலைப் போட்டு, என்.எச்.எல்.லில் அதிக கோல் என்ற கனடியர் கிரெட்ஸ்கியின் சாதனையைத் தாண்டிவிட்டார். பின்னறை முழுக்க அதே பேச்சு. “ரஷ்யாவைக் கணக்கிலேயே எடுக்கவில்லையே!” என்று ஹாலிஃபாக்ஸ்காரர் புது வழக்கைத் தொடங்கினார்.

சஸ்கச்சுவான் அம்மா உள்ளே வரவில்லை. 2018இல் இதே நாளில்தான் அவருடைய மாகாணத்து ஹம்போல்ட் புரொங்கோஸ் இளைஞர் ஹொக்கி அணியின் பஸ் ஆட்டத்துக்குப் போகும் வழியில் லொறியோடு மோதியது. பஸ்ஸில் 29 பேர். இறந்தவர்கள் 16. அந்த வாரம் கனடா முழுவதும் வீட்டு வாசல்களில் மட்டை சாத்தி வைத்தார்கள். எங்கள் தெருவிலும் வைத்தார்கள். மட்டை இல்லாத என் மனைவி விளக்குமாற்றை வைக்கட்டுமா என்று கேட்டது கேலியாக அல்ல.

இரவு கதவைப் பூட்டப் போனபோது ஊழியர் வாசலில் ஒரு பழைய மர மட்டை சாய்ந்திருந்தது. பிடியில் சுற்றிய நாடா கறுத்துத் தேய்ந்திருந்தது. கியூபெக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தன் மண்வெட்டியை எடுத்து, அதைச் சுற்றியிருந்த பனிச்சேற்றை மட்டும் வழித்தார். வாசல் விளக்கை அணைக்க வேண்டாம் என்றார். அணைக்கவில்லை.

அடுத்த வாரம் அரங்கத்து ஐஸை உடைக்கத் தொடங்குகிறோம்.