இரண்டு மார்க் பாதரசம்

“எக்ஸாம்ல சார் சொன்னதையே எழுதும்மா” என்று என் கல்லூரி வேதியியல் வகுப்பில் ஒரு மாணவியிடம் நான் சொன்னது சரிதான். பெரும்பாலான நாட்களில் அப்படித்தான் தோன்றுகிறது.

அன்று டி பிளாக் தனிமங்கள், அதாவது தனிம அட்டவணையின் நடுப்பகுதி உலோகங்கள், நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பைக் கவனிக்க வந்த துறைத் தலைவர் கடைசி பெஞ்சில் இருந்தார். அவள் எழுந்து, “தங்கம் 79, பாதரசம் 80. பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு. தங்கம் உருக 1064 டிகிரி வேணும். பாதரசம் மட்டும் ஏன் மேம் தண்ணியா ஓடுது?” என்று கேட்டாள். “தெரியலம்மா, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்” என்றேன். சார் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “வெளியில இருக்கற டி, எஸ் எலக்ட்ரான் கூடு ரெண்டும் முழுசா நிரம்பியிருக்கு. அதனால உலோகப் பிணைப்பு பலவீனம்” என்றார். வகுப்பு மொத்தமும் எழுதிக்கொண்டது.

அந்த விடை எனக்கும் தெரியும். அது போதாது என்பதும் தெரியும். துத்தநாகத்துக்கும் காட்மியத்துக்கும் அதே போல நிரம்பிய வெளிக்கூடுதான், ஆனால் அவை உருக ஏறத்தாழ 420, 321 டிகிரி வேண்டும். பாதி விடையை முழு விடை போலச் சொல்ல மனம் வரவில்லை. இப்படிச் சொன்னால் நேர்மையாகத்தான் தெரிகிறது. ஆனால் சார் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் நானே அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போயிருப்பேனோ என்னவோ.

வெளியே வந்ததும் சார், “தெரியாதுன்னு மட்டும் சொல்லாதம்மா, அப்புறம் ஒருத்தனும் மதிக்க மாட்டான்” என்றார். அதட்டலாக இல்லை, அக்கறையாகத்தான் சொன்னார். பள்ளியில் பாடம் எடுப்பவர்கள் பி.எட்.டில் இன்னொருவர் முன்னால் நின்று பயிற்சி எடுத்துவிட்டு வருகிறார்கள். கல்லூரியில் எடுக்கும் நமக்கு நெட் தகுதித் தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் பற்றிச் சில கொள்குறி வினாக்கள், அவ்வளவுதான். மிச்சத்தை இப்படி வராந்தாவில் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

மறுநாள் தயாராகப் போனேன். பாதரசத்தின் கருவில் 80 புரோட்டான்கள். அந்த இழுப்பில் கருவுக்கு மிக அருகே 1எஸ் கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலே ஓடுகின்றன. அவ்வளவு வேகத்தில் தலைகாட்டும் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவால் அந்தக் கூடு சுருங்குகிறது, வெளியே 6எஸ் கூடும் சுருங்குகிறது. அங்கிருக்கும் ஜோடி எலக்ட்ரான்களைக் கரு இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் பக்கத்து அணுவோடு பகிர அவை எளிதில் வருவதில்லை. தங்கத்திலும் இந்தச் சுருக்கம் உண்டு, ஆனால் அங்கே 6எஸ்-ஸில் ஒரே ஒரு எலக்ட்ரான்தான், ஜோடியில்லாத அது பிணைப்புக்குக் கிடைக்கிறது. 2013-ல் வேதியியலாளர் பீட்டர் ஷ்வெர்ட்ஃபெகர் குழுவினர் கணினியில் கணக்கிட்டு, இந்த விளைவு பாதரசத்தின் உருகுநிலையைச் சுமார் 105 டிகிரி இறக்குகிறது என்று காட்டினார்கள். அது இல்லையென்றால் அறை வெப்பத்தில் பாதரசம் கட்டியாகத்தான் இருக்கும். அன்று என் குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

அவள் கேட்டாள்: “அப்ப சார் சொன்னது தப்பா மேம்?”

“தப்பில்ல. அது தொடக்கம், இது தொடர்ச்சி.”

“எக்ஸாம்ல எதை எழுதணும்?”

அதற்குத்தான் ‘சார் சொன்னதையே எழுது’ என்ற அந்தப் பதில். யோசிக்காமல் வந்தது. தாளைத் திருத்தப் போவது நானில்லை. மையத் திருத்தத்தில் யாரோ ஒருவர் கையில் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு வேகமாகத் தள்ளிக்கொண்டிருப்பார். அதில் சார்பியல் இருக்காது. இரண்டு மார்க் அவளுக்குப் பெரிது. ‘இரண்டையும் எழுது’ என்று சொல்லியிருக்கலாமே என்று ஒரு தோழி கேட்டாள். சொல்லியிருக்கலாம். இரண்டு மார்க் கேள்விக்கு எத்தனை வரி இடம் விடுவார்கள் என்று அந்தத் தோழிக்கும் தெரியும்.

உறுத்துவது மார்க் அல்ல. அந்தப் பதிலைச் சொன்னபோதுதான் வகுப்பு என்னை ஒரு ஆசிரியையாகப் பார்த்தது. ‘தெரியாது’ என்றபோதும் இல்லை, ஐன்ஸ்டைனைக் கொண்டுவந்தபோதும் இல்லை. எதை எழுதினால் மார்க் வரும் என்று தயங்காமல் சொன்னபோது மொத்த வகுப்பும் பேனாவை எடுத்தது. என் தைரியம் வளர்ந்தது அன்றிலிருந்துதான் என்றால், அது எதன்மேல் வளர்ந்தது?

இந்த வருடம் புதிதாக ஆசிரியையாகச் சேர்ந்த பெண் என்னிடம் யோசனை கேட்டாள். “முதல் ஒரு மாசம் தெரியாதுன்னு சொல்லாத. நல்ல கேள்வி, நாளைக்கு விரிவா பார்ப்போம்னு சொல்லு” என்றேன். “ரெண்டும் ஒண்ணுதானே மேம்?” என்றாள். “ஒண்ணுதான், ஆனா ரெண்டாவதைச் சொல்லு” என்றேன்.