ரயிலைக் கேட்கும் முன் ரயில் மேட்டைக் கேட்டோம்

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் ஓடியது என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நம்புவதில்லை. 1926இல் வந்து 1986இல் நின்றுபோன பாதை. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாகக் கடற்கரை வரை சுமார் 30 கிலோமீட்டர். தண்டவாளம் போய்விட்டது, ஆனாலும் நிலையம் இருந்த இடத்துக்கு ரயிலடி என்றுதான் பெயர்.

அதைத் திரும்பக் கேட்டு நாங்கள் எழுதிய மனுக்களுக்குக் கணக்கில்லை. "பரிசீலிக்கப்படும்" என்ற ஒரு வரிதான் ஒவ்வொரு முறையும் வந்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் தெருப் பெரியவர் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, ரயிலை அப்புறம் கேட்கலாம். அது ஓடிய மண் இன்றைக்கு யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள். மண் போய்விட்டால் ரயிலை எங்கே ஓட்டுவது?"

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரயில்வேக்கு மனுப் போட்டேன். முதல் மனு அப்படியே திரும்பி வந்தது. மாநில அலுவலகங்களுக்குப் போட்ட பழக்கத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டியிருந்தேன். மத்திய அரசு அலுவலகத்துக்கு அது செல்லாது. போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும். அடுத்த மனுவுக்குப் பதில் வந்தது, பயனில்லை. "ஏன் இன்னும் திறக்கவில்லை?" என்று கேட்டிருந்தேன். அவர்களிடம் இருக்கும் ஆவணத்தைத்தான் சட்டப்படி கேட்க முடியும். காரணத்தைப் புதிதாக எழுதித் தரச் சொல்ல முடியாது. இதை மனுப் போடும் எல்லோரும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இரண்டு மாதம் வீணானது.

மூன்றாவது மனுவில் எங்கள் கிராம எல்லைக்குள் வரும் பகுதியின் நில வரைபட நகலை மட்டும் கேட்டேன். பதில் தர வேண்டிய 30 நாள் ஓடியது, பதில் இல்லை. மறுநாளே பிரிவு 19(1)இன்கீழ் முதல் மேல்முறையீடு அனுப்பினேன். அதற்குக் கட்டணம் கிடையாது. அதன் பிறகுதான் நேரில் வந்து பார்க்கலாம் என்று கடிதம் வந்தது. பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்குமேல் மணிக்கு 5 ரூபாய்.

மேசையில் விரித்தார்கள். முதுகில் துணி ஒட்டிய பழைய தாள், மடிப்புகளில் நைந்திருந்தது. வயல்களுக்கு நடுவே ஒரு நீளப் பட்டை, இரு பக்கமும் கறுப்புக் கோடு, வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் சின்னப் பாலக் குறி. என் பாட்டி கீரைக்கட்டு ஏற்றிக்கொண்டு போன வழி அது. கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத ஓடவில்லை.

அந்த நகலையும் கிராமப் புல வரைபடத்தையும் வைத்துக்கொண்டு நான்கு பேர் மேட்டில் நடந்தோம். சீமைக் கருவை ஆள் உயரத்துக்கு மேல். வாய்க்காலின் இரு கரையிலும் செங்கல் கட்டுமானம் இன்னும் நிற்கிறது. காலால் மண்ணைக் கிளறினால் கருங்கல் ஜல்லி. ஒவ்வொரு புல எண்ணாக, அதாவது சர்வே எண்ணாக, குறித்துக்கொண்டோம்.

புது மனுவில் அந்த எண்களோடு பாதைக்கான காரணத்தையும் எழுதினோம். மன்னம்பந்தலிலும் கல்லூரி, பொறையாறிலும் கல்லூரி. காலையில் இரு திசையிலும் மாணவர்கள் பஸ் படியில் தொங்குகிறார்கள். ஒரு பக்கம் காலியாக ஓடும் ரயிலாக இது இருக்காது. திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் வரும் குடும்பங்கள், மயிலாடுதுறை சந்திப்பில் வயதானவர்களை இறக்கி வேன் தேடி அலைகின்றன. 1986இன் கூட்டத்தை வைத்து இன்றைய வருவாயைக் கணக்கிடுவது நியாயமில்லை. 2004இல் மூடிய திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி பாதை, 37 கிலோமீட்டர், அகலப் பாதையாகி 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதுவும் இதே டெல்டா மண்தான்.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவைக் கொடுத்தோம். ரயிலை அல்ல, அந்தப் புல எண்களை அளந்து எல்லைக்கல் நட வேண்டும் என்பதையே முதல் கோரிக்கையாக வைத்தோம். இந்த முறை ஒற்றை வரிப் பதில் வரவில்லை. அளவீட்டுக்கு அடுத்த வாரம் வருவதாகக் கிராம நிர்வாக அலுவலர் சொல்லியனுப்பியிருக்கிறார். சங்கிலி இழுக்க வழி வேண்டுமே என்று நேற்றிலிருந்து கருவையை வெட்டிக்கொண்டிருக்கிறோம்.